காப்புக் கட்டும் நாள்

வியாசர்பாடி,
20.8.2023

அன்புத் தம்பி ராமதாசுக்கு,

அக்கா தாயம்மா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் இங்கே சுகம். நீயும் உன் வீட்டுக்காரி சிவந்தியும் சுகமா என்று இனிமேல் காகிதத்தில்தான் கேட்க வேண்டும் போலிருக்கிறது. உங்கள் பக்கத்து டவரைச் சாய்த்துவிட்டார்கள், இனி நம் பதினாறாம் மைல் ஊருக்குப் போன் போகாது என்று ரங்கூனில் கடை வைத்திருக்கும் ஆஃபியா அக்கா ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். அவள் கடையில்தான் நம் நெல்சன் டீ குடிப்பானாம். ராயபுரத்து ஆள், உளுந்து ஏற்றி வரும் கப்பலில் வேலை. "லெட்டர எங்கைல குடு யக்கா, நான் பாய்க்கடைல சேத்துர்றேன். வய்ல எவனாச்சும் பிரிச்சாலும் நம்ம எயுத்து எவனுக்குத் தெரியப் போவுது" என்றான். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

எனக்குத் திருவொற்றியூர் குடோனில் அதே வேலைதான். பர்மா உளுந்தைச் சலித்து, கல் பொறுக்கி, மூட்டை மாற்றுவது. சாக்கில் இருக்கும் பர்மிய எழுத்தை நான் படித்துக் காட்டினால் கூட வேலை செய்கிறவர்களுக்கு ஒரே சிரிப்பு. கல்யாணமாகி இங்கே வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது, இன்னும் நான் 'பர்மாக்காரி'தான்.

பட்டாளத்துக்காரர்கள் ஊர் ஊராகப் போய்த் துப்பாக்கி கொடுத்து ஊர்க்காவல் படை சேர்க்கிறார்களாமே. உன்னை அதில் இழுக்கவில்லையே? நாலு வயதில் தாயில்லாமல் போன உன்னை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள் நான். கேட்க எனக்கு உரிமை உண்டு. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடு. இருவரும் இங்கே வந்துவிடுங்கள். வீடு சின்னதுதான், மனசு வைத்தால் நாலு பேர் படுக்கலாம்.

உன் பதில் வரும்வரை வாசலையே பார்த்திருக்கும்,
அக்கா தாயம்மா

●

பதினாறாம் மைல்,
14.9.2023

என்னைப் பெறாமல் பெற்ற அக்காவுக்கு,

ராமதாஸ் வணக்கத்தோடு எழுதுவது. நாங்கள் நலமாக இருக்கிறோம். மாமாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? துறைமுக யார்டில் குனிந்து நிமிரும் வேலையைக் குறைத்துக்கொள்ளச் சொல்.

நீ கேட்டதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். போன மாதம் கேப்டன் வந்தார். எங்கள் ஊரிலிருந்து முப்பது ஆண்கள் வேண்டும் என்றார். எல்லா வீட்டு ஆண்கள் பெயரையும் சீட்டெழுதிப் பானையில் போட்டு எடுத்தார்கள். 'கோ மியோ' என்று கூப்பிட்டதும் யாரோ என்று நானும் திரும்பிப் பார்த்தேன். அடையாள அட்டையில் என் பர்மியப் பெயர் அதுதானே. சிவந்தி முதுகில் கிள்ளிய பிறகுதான் எழுந்து நின்றேன்.

ஒரு துப்பாக்கி, பத்துத் தோட்டா, ஒரு பச்சைச் சட்டை. சட்டை எனக்குப் பெரிது, சிவந்தி பிடித்துத் தைத்தாள். பன்னிரண்டு நாள் பயிற்சி. இப்போது ஆற்றுப் பாலத்தில் உட்கார்ந்து, அக்கரையிலிருந்து வருகிறவர்களை விசாரிப்பது வேலை. பட்டாளத்தை எதிர்த்துச் சண்டை போடும் காட்டுக்காரர்களுக்கு அக்கரை ஊர்தான் சோறு போடுகிறது என்பது பட்டாளத்தின் கணக்கு. தினம் மாட்டு வண்டியில் வருகிறான் சோ தூ. நம் தீமிதிக்கு வருஷா வருஷம் புளிய விறகு வெட்டி வந்து இறக்குவார்களே, அந்தக் கரேன் இனத்து வீட்டுப் பையன்தான். "எங்கே போகிறாய்?" என்று நான் அவனைக் கேட்க வேண்டும். கேட்டால் சிரிக்கிறான், எனக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. வாட்ச்மேன் வேலை என்று வைத்துக்கொள்.

சிவந்தி உனக்கு நமஸ்காரம் சொல்லச் சொன்னாள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கைப்பிள்ளை,
ராமதாஸ்

●

வியாசர்பாடி,
15.10.2023

தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். நலம்தான், உன் கடிதத்தைப் படித்த பிறகு எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு.

வாட்ச்மேனுக்கு எதற்கடா தோட்டா? யாருக்குக் காது குத்துகிறாய்? உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். அவர் பனியனோடு திடுக்கென்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இன்னாமே இது, ஒரு பட்டாளம் கீது, அது பத்தலன்னு ஊர்ல கீற பாவப்பட்டவன் கைல துப்பாக்கிய குட்த்து அடுத்த ஊர்க்காரன் மேல ஏவுறான். நாளைக்கு பட்டாளத்துக்காரன் பூட்டான்னா அந்தத் துப்பாக்கி இன்னா ஆவும், மச்சான் இன்னா ஆவான்?" என்றார். அன்று இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். யார் மேலாவது துப்பாக்கியை நீட்டினாயா? ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. நம் வீட்டில் பொய் கிடையாது. அப்பா மூங்கில் திருடியவனைக்கூட உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார், உனக்கு ஞாபகம் இருக்கும்.

பாஸ்போர்ட் என்ன ஆயிற்று? அதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லையே நீ.

சிவந்தியை விசாரித்ததாகச் சொல்லி, கோபத்தோடு முடிக்கும்,
அக்கா தாயம்மா

●

பதினாறாம் மைல்,
18.12.2023

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். அங்கே புயல் என்றும் வடசென்னை முழுக்கத் தண்ணீர் என்றும் ரேடியோவில் கேட்டோம். நீங்கள் இருவரும் பத்திரமா? மேட்டில் யார் வீட்டிலாவது போய் இருந்தீர்களா?

நீ கேட்டாய். இல்லை. இன்றுவரை நான் துப்பாக்கியை எவர் மேலும் நீட்டவில்லை. அம்மன் மேல் ஆணை.

எட்டாம் தேதி எங்களை அக்கரைக்குக் கூட்டிப்போனார்கள். காட்டுக்காரர்கள் தங்கியிருக்கிறார்களா என்று தேடச் சொன்னார்கள். தேடினோம். திரும்பி வந்தோம். சோ தூ இப்போது பாலத்துப் பக்கம் வருவதில்லை.

பாஸ்போர்ட் இப்போது முடியாது. படையில் பெயர் இருப்பவர்களுக்குக் கொடுப்பதில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, சோறுதான் தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. சிவந்தி தினமும் ரசம் வைக்கிறாள்.

அக்கா, ஓர் உதவி. தைப்பூசத்தன்று நம் வியாசர்பாடி கோயிலில் பூ கேட்பீர்கள் அல்லவா. இந்த வருஷம் காப்புக் கட்டும் நாளை மாசி எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை என்று எழுதி, கோயில் முத்திரை போட்டு அனுப்ப முடியுமா? இங்கே கேப்டனிடம் காட்ட வேண்டும். நாள் உங்கள் கோயிலிலிருந்துதான் வரும் என்பது அவருக்கும் தெரியும். அவர் தாயாரும் சாமி கும்பிடுகிறவராம். போன பங்குனியில் பட்டாளத்துக்குச் சுமை தூக்க ஆள் பிடித்தபோது, காப்புக் கட்டியவன் பத்து நாள் ஊர் எல்லை தாண்டக் கூடாது, உயிருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்று சொன்னோம். கேப்டன் கேட்டுக்கொண்டார். எங்களில் ஒருவரையும் தொடவில்லை.

மாசி எட்டு. மறந்துவிடாதே. பூ எதைச் சொன்னாலும் மாசி என்றே எழுது. ஏன் என்று கேட்காதே. பஸ்ஸில் போகும் கடிதங்களை இப்போது பிரிக்கிறார்கள், படித்துச் சொல்ல எங்கள் ஊர் வாத்தியாரையே உட்கார வைத்திருக்கிறார்கள். இவ்வளவை அவர் கண்டும் காணாமல் விட்டுவிடுவார், இதற்கு மேல் எழுத முடியாது.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன்னை நம்பியிருக்கும்,
ராமதாஸ்

●

வியாசர்பாடி,
28.1.2024

தம்பி ராமதாசுக்கு,

அக்கா ஆசீர்வாதம். உயிரோடு இருக்கிறோம், அதுவே பெரிய சுகம். மூன்று நாள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பீரோ ஊறிப்போயிற்று, உன் கல்யாண போட்டோவும் போயிற்று. எண்ணூரில் முகத்துவாரம் முழுக்க எண்ணெய் மிதந்து, வலையெல்லாம் கறுத்து, மீன்பிடிக்கிறவர்கள் கரையில் உட்கார்ந்து அழுதார்கள். நெல்சனின் கப்பலும் தாமதம். உன் கடிதம் பொங்கல் கழித்துத்தான் கைக்கு வந்தது.

தைப்பூசத்தன்று பூ கேட்டோம். வெள்ளை அரளி மாசி, செவ்வரளி பங்குனி. இரண்டையும் பொட்டலமாக மடித்து அம்மன் காலடியில் போட்டோம். பக்கத்து வீட்டுக் குழந்தையை எடுக்கச் சொன்னோம். செவ்வரளி வந்தது. நீ கேட்டாயே என்று பூசாரியைக் கெஞ்சி இன்னொரு தரம் போடச் சொன்னேன். மறுபடியும் செவ்வரளிதான்.

உன் மாமா சொன்னார்: "மாசின்னே எயுதிட்டுப் போயேம்மே. மச்சான் சொம்மா கேப்பானா? இன்னாவோ இக்கட்டுல மாட்டிக்கினு கீறான். அம்மன் இன்னா லெட்டர் படிக்கவா போவுது?" நான் அவரிடம் இரண்டு நாள் பேசவில்லை. உன்னிடமும் அதையேதான் கேட்கிறேன். தாய்க்கு நாள் குறிக்க நீ யார்? நம் சனங்கள் அறுபத்தைந்தில் பர்மாவை விட்டு இங்கே வந்தபோது கட்டின துணியோடு அம்மன் முகத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். அன்று முதல் இரண்டு கோயிலுக்கும் ஒரே நாள், அந்த நாளை அவளே சொல்வாள். படைவேலைக்கு லீவு வேண்டுமென்றால் காய்ச்சல் என்று சொல். அவள் பெயரில் பொய் எழுத என் கை வராது.

இதோடு கோயில் கடிதம், முத்திரையோடு. காப்புக் கட்டு பங்குனி பதின்மூன்று, செவ்வாய்க்கிழமை. அதன்படி நடத்துங்கள், எல்லாம் நல்லபடி முடியும்.

சோறு இறங்காவிட்டால் சீரகத்தை வறுத்துப் பொடி செய்து மோரில் கலந்து குடி.

உன் நல்லதையே நினைக்கும்,
அக்கா தாயம்மா

●

பதினாறாம் மைல்,
13.2.2024

அக்காவுக்கு,

வணக்கம். கோயில் கடிதம் வந்து சேர்ந்தது. பங்குனி பதின்மூன்று. சரி அக்கா. அவள் சொன்னால் சரிதான்.

வாத்தியார் படித்துச் சொன்னார். கேப்டன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அதுவரை நிறைய நாள் இருக்கிறதே" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

மாமாவோடு என் பொருட்டுச் சண்டை போடாதே. நல்ல மனுஷன். சீரகத்தூள் கலந்து மோர் குடித்தேன், பரவாயில்லை. சிவந்திக்கு உன் கையெழுத்தைப் பார்த்தாலே சந்தோஷம், எடுத்து எடுத்துப் பார்க்கிறாள். எனக்கு ஏதாவது ஆனால் அவளை நீ பார்த்துக்கொள்வாய் என்று சொல்லியிருக்கிறேன். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான், பயப்படாதே.

என்றும் உன்,
ராமதாஸ்

●

வியாசர்பாடி,
12.4.2024

தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய்? இரண்டு கப்பல் வந்து போய்விட்டது. நெல்சன் தலையைச் சொறிந்துகொண்டே வந்தான். "லெட்டர் இல்ல யக்கா. பாய்க்கடைல அந்த அம்மா எதுவும் பேச மாட்டேன்னுது. கேட்டா கண்ண தொடச்சிக்கினு உள்ள பூடுது. பாலம் ஒட்ஞ்சிட்ச்சின்னு மட்டும் யாரோ சொன்னாங்க" என்றான்.

பங்குனி பதின்மூன்று இங்கே காப்புக் கட்டினோம். நானும் கட்டிக்கொண்டேன், உன் பெயரைச் சொல்லி இன்னொரு முடிச்சும் போட்டேன். தீ மிதித்தேன், இந்த வருஷம் கால் வெந்துபோனது. முப்பது வருஷத்தில் முதல் தடவை. குடோனுக்கு ஒரு வாரம் போகவில்லை.

படுத்துக் கிடந்தபோது உன் டிசம்பர் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். பத்து நாள் எல்லை தாண்டக் கூடாது என்று நீ எழுதியிருக்கிறாய். எல்லை தாண்டி எங்கே போகச் சொன்னார்கள் உங்களை? மாசியில் என்ன வைத்திருந்தார்கள்? இதை நான் அன்றே கேட்டிருக்க வேண்டும். பூவைப் பார்த்தேன், உன்னைப் பார்க்கவில்லை.

ஒரு வரி போடு ராமதாசு. திட்டியாவது எழுது.

அக்கா

●

ரங்கூன்,
5.6.2024

அண்ணிக்கு,

சிவந்தி நமஸ்காரத்தோடு எழுதுவது. ஆஃபியா அக்கா வீட்டில் இருக்கிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. உங்கள் தம்பி உயிரோடு இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிட்டேன், மீதியை மெதுவாகப் படியுங்கள். நெல்சன் அண்ணன் கையில் நேரே கொடுக்கிறேன், வழியில் பிரிக்க ஆளில்லை. அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

டிசம்பரில் அக்கரைக்குப் போனது தேடுவதற்கு இல்லை. மூன்று வீட்டைக் கொளுத்தச் சொன்னார்கள், நம் ஆட்கள்தான் கொளுத்தினார்கள். அவர் திரும்பி வந்தபோது சட்டையில் மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. நான் கேட்கவில்லை. துவைத்துப் போட்டேன்.

மாசி பதினைந்துக்குள் அந்த அக்கரை ஊரையே இல்லாமல் செய்துவிட்டு வடக்கே போக வேண்டும் என்று கேப்டனின் படைக்கு உத்தரவு. நம் ஊர் முப்பது பேரும் ராத்திரியில் கூடிப் பேசினார்கள். முடியாது என்று சொன்னால் சுட்டுவிடுவார்கள். காப்புக் கட்டிக்கொண்டால் பத்து நாள் அசைய வேண்டாம். அதற்குள் பட்டாளம் வடக்கே போய்விடும், உத்தரவும் அதோடு போய்விடும். அந்த யோசனை இவருடையது. அதற்குத்தான் மாசி எட்டு என்று கேட்டார்.

உங்கள் கடிதம் வந்த அன்று ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அக்காவிடம் பொய் கேட்டது என் தப்பு" என்றார். இருட்டியதும் மற்றவர்களைத் தேடிப் போனார்.

மாசி பன்னிரண்டாம் தேதி விடியற்காலை கூட்டிப்போனார்கள். பாலத்தின் நடுவில் நம் ஆட்கள் துப்பாக்கியைப் பட்டாளத்தின் பக்கமே திருப்பினார்கள். கேப்டனும் நாலு சிப்பாய்களும் அங்கேயே விழுந்தார்கள். நம்மில் ஏழு பேர். மிச்சம் இருந்த இருபத்து மூன்று பேரும் அதே துப்பாக்கியோடு அக்கரைக்குப் போய், அந்த ஊர்க்காரர்களையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் விமானம் வந்து குண்டு போட்டது, பாலமும் உடைந்தது. பதினாறாம் மைலில் இப்போது கோயில் சுவர் மட்டும் நிற்கிறது. அன்று இறந்த பதினொரு பேரில் வாத்தியாரும் ஒருவர்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது அண்ணி. இப்போது இல்லை என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் பொய்யாகிவிடும். உங்களை விட்டால் எனக்கும் யாருமில்லை.

சிவந்தி

●

30.6.2024

அக்காவுக்கு,

இடம் எழுத முடியாது. சௌக்கியம். காலில் ஒரு புண், ஆறிவருகிறது. மாமாவுக்கும் உனக்கும் என் வணக்கம்.

சிவந்தி எழுதிவிட்டதாகச் சொல்லி அனுப்பினாள். உன்னை நீ தின்றுகொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். வேண்டாம். மாசி என்று நீ எழுதியிருந்தாலும் கேப்டன் கேட்டிருப்பாரா என்பது யாருக்குத் தெரியும்? நடந்தது நடந்துவிட்டது.

இப்போது நான் முப்பத்தெட்டுப் பேருக்குத் தலைவன். சிரிக்காதே. சட்டை அதே சட்டைதான், கையில் கட்டும் துணி மட்டும் வேறு நிறம். அன்று பட்டாளம் சொல்லிக்கொடுத்ததை வைத்துத்தான் இன்று பட்டாளத்துக்குக் குழி தோண்டுகிறோம். ஆள் போதவில்லை. பக்கத்து ஊர்களில் போய் வீட்டுக்கு ஓர் ஆள் கேட்கிறோம். கேட்கப் போகிறவன் நான்தான். கதவைத் திறக்கும் பெண்கள் என்னைப் பார்க்கும் பார்வை, கேப்டனை சிவந்தி பார்த்த பார்வைதான். நான் தலையைக் குனிந்துகொண்டு பெயரை எழுதிக்கொள்கிறேன்.

சிவந்தியை எப்படியாவது உன்னிடம் வரவழைத்துக்கொள். நான் வர முடியாது. படம் போட்டு என்னைத் தேடுகிறார்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் இருக்கிறது. அதை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

துப்பாக்கியை எவர் மேலும் நீட்டவில்லை என்று அம்மன் மேல் ஆணையிட்டேன் அல்லவா? உண்மைதான். அன்று அக்கரையில் என் கையில் இருந்தது தீப்பந்தம். எனக்குக் கொடுத்த வீடு சோ தூவின் வீடு. அவன் காட்டில் விறகுக்குப் போயிருந்தான். உள்ளே யாராவது இருந்தால் வெளியே வாருங்கள் என்று மூன்று தரம் கத்தினேன். யாரும் வரவில்லை. கொளுத்தினேன். அவன் அக்கா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது கேட்காது. சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும், தீமிதிக்கு வந்தால் கையை ஆட்டித்தான் அவளிடம் பேசுவேன். அந்த நேரத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. கூரை விழும்போதுதான் வந்தது.

சோ தூ இப்போது என் படையில் இருக்கிறான். ஒரே சட்டியில் சாப்பிடுகிறோம், காவலுக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போகிறோம். என் கால் புண்ணுக்கு இலை பறித்து வந்து கட்டுகிறவனே அவன்தான். அன்று தீ வைத்தவர்கள் யார் யார் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். என்னை மட்டும் கேட்கவில்லை. நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன் என்று நம்புகிறான்.

அவனிடம் சொல்லாமல் என்னால் எங்கேயும் வர முடியாது. சொல்லிவிட்டால் வர உயிர் இருக்குமா தெரியாது. நீ வளர்த்த பிள்ளைதானே நான், என்ன செய்யட்டும்?

ராமதாஸ்

●

வியாசர்பாடி,
1.8.2024

என் செல்லத் தம்பிக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த உடனே இதைச் செய். சொல்லாதே.

நான்தான் எழுதுகிறேன், உன் அக்கா தாயம்மாதான். சொல்லாதே. கேட்டால் பொய் சொல். அம்மன் பெயரில் ஆணையிடச் சொன்னால் பொய்யாகவே ஆணையிடு. அந்தப் பாவத்தை என் பெயரில் எழுதிக்கொள்ளட்டும், நான் அவளிடம் பேசிக்கொள்கிறேன். கோயிலுக்குப் போய் இதைச் சொல்லிவிட்டுத்தான் வந்து எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணை எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் ஊரில் இருந்தபோது சின்னப் பெண். விறகு வண்டியில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு வருவாள், அவன் வாயில் கரும்பு ஊட்டுவாள். என்னைப் போல ஒருத்தியைத்தான் இழந்தான் அந்த மனுஷன். எனக்கு அது தெரியும். தெரிந்தும் சொல்கிறேன், சொல்லாதே. எனக்கு நீ வேண்டும். நான் கெட்டவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

உன் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அப்புறம், "மச்சான் பத்திரமா வந்து சேர்ட்டும்மே, மிச்சத்த அப்பால பாத்துக்கலாம்" என்றார். தாய்லாந்து வழியாக வர முடியுமா என்று நெல்சன் விசாரிக்கிறான்.

சிவந்திக்குப் பேப்பர் தயாராகிறது. உனக்கும் சேர்த்தே எழுதிப் போட்டிருக்கிறோம். வாயைத் திறக்காமல் வந்து சேர். மோர் ஊற்றிச் சோறு போடுகிறேன். அதற்கு அப்புறம் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுவோம்.

உன் அக்கா

●

ரங்கூன்,
9.9.2024

அண்ணிக்கு,

சிவந்தி எழுதுகிறேன். மாமாவுக்கும் உங்களுக்கும் நமஸ்காரம். உட்கார்ந்துகொண்டு படியுங்கள். மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் ஆகஸ்ட் இருபதாம் தேதி கடைக்கு வந்தது. கொண்டுபோக ஆள் கிடைக்கவில்லை, என் பெட்டியிலேயே இருந்தது. நேற்று ஓர் ஆள் பாக்கு மூட்டையோடு கடைக்கு வந்து என் பெயரைச் சொல்லிக் கேட்டார். மெலிந்து, தாடியோடு இருந்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. குரலைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. சோ தூ.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி இவர் அவரிடம் சொல்லிவிட்டாராம். இருவரும் காவலுக்குப் போயிருந்தபோது துப்பாக்கியை அவர் மடியில் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாராம். சோ தூ ஒன்றும் செய்யவில்லை. எழுந்து வேறு குடிசைக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் எட்டு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பத்தாம் தேதி பட்டாளத்தோடு சண்டை. இவருக்கு வயிற்றில் குண்டு பட்டது. மருந்து இருக்கும் இடத்துக்கு இரண்டு நாள் வழி, மலைமேல். தூளி கட்ட ஆளில்லை. சோ தூ தன் முதுகில் சுமந்தாராம். வழியில் இவர் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம், அக்கா, அக்கா என்று. அவருக்குத் தெரிந்த தமிழ் அந்த ஒரு வார்த்தைதான். இரண்டாம் நாள் மத்தியானம் இவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். கையைத் தொட்டுப் பார்த்தாராம், உயிர் இல்லை. நம் வழக்கப்படி தலையைத் தெற்கே வைத்துப் புதைத்ததாகச் சொன்னார். மூன்று கல் நட்டிருக்கிறாராம்.

சோறு சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, உங்களுக்கு எழுதச் சொல்லி இரண்டு விஷயம் சொன்னார். நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அவனை நான் மன்னிக்கவில்லை, அதை அவன் அக்காவுக்கு எழுது என்றார். இரண்டு நாளும் அவனை ஒரு தடவைகூடக் கீழே வைக்கவில்லை, அதையும் எழுது என்றார்.

சிவந்தி